இருபத்தைந்து பைகள், ஒரே ஈரம்

மாடியில் ஒரு தோட்டம்

திருவனந்தபுரத்தில் கரமனை என்று ஓர் இடம் உண்டு. கரமனை ஆற்றின் கரையில் இருக்கிறது. அங்கே பல ஆண்டுகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அப்படி ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் இருக்கிறார்கள். வீட்டைச் சுற்றி மண் இல்லை. எனவே மொட்டை மாடியில் காய்கறி வளர்க்க முடிவு செய்தார்கள்.

மருமகள் அயல்கூட்டத்தில் உறுப்பினர். அங்கே சிறு கடன் வாங்கினாள். 25 வளர்ப்புப் பைகள் வந்தன. மிளகாய், கத்தரி, வெண்டை, தக்காளி, சிவப்புத் தண்டுக்கீரை ஆகியவற்றை நட்டார்கள். பைகளில் பாதி மண். மீதி தென்னை நார்த்தூளும் சாணி உரமும். நார்த்தூள் கனம் இல்லாதது. அதனால் மாடிக்குப் பாரம் குறையும்.

டிசம்பரில் செடிகள் நன்றாக இருந்தன. பிப்ரவரி வந்தது. வெயில் ஏறியது. அப்போதுதான் தொல்லை தொடங்கியது.

ஒன்று வாடியது, ஒன்று அழுகியது

மேற்குச் சுவர் ஓரத்தில் இருந்த மிளகாய்ச் செடிகள் வாடின. படிக்கட்டு அறையின் நிழலில் இருந்த கத்தரிச் செடிகள் மஞ்சளாகி அழுகின.

"ஒழுங்காத் தண்ணி ஊத்தலியா அத்தை?" என்று மருமகள் கேட்டாள்.

மாமியாருக்கு மனம் வருந்தியது. "தினமும் சாயங்காலம் நான்தானே ஊத்துறேன். நாலு குடம் தண்ணி சுமக்குறேன். இப்படிக் கேக்கலாமா மக்களே?"

"சாயங்காலமா? காலையில நான் ஊத்திட்டுத்தானே வேலைக்குப் போறேன்!"

அப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது. ஒவ்வொரு பைக்கும் நாளுக்கு இரண்டு முறை தண்ணீர் போயிருக்கிறது. அப்படியிருந்தும் சில செடிகள் வாடியது ஏன்? தண்ணீர் மிகுதி என்றால் எல்லாச் செடியும் அல்லவா அழுகியிருக்க வேண்டும்? பதில் தெரியவில்லை. அன்று இரவு வீட்டில் பேச்சு குறைந்தது. கடன் தவணை கட்டும் நாளும் நெருங்கியது.

பையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள்

மறுநாள் மருமகள் கிருஷி பவனுக்குப் போனாள். கேரளத்தில் பஞ்சாயத்து தோறும், நகராட்சி தோறும் உள்ள வேளாண் அலுவலகத்துக்கு அதுதான் பெயர். அங்கிருந்து ஓர் அதிகாரி அம்மாள் வந்தார். மாடியைச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "பட்டுப்போன ரெண்டு பையை எடுத்து வாங்கம்மா. கவிழ்த்துப் பார்ப்போம்" என்றார்.

முதலில் மிளகாய்ப் பை. ஓரம் நனைந்திருந்தது. ஆனால் நடுவில் கைவைத்தால் காய்ந்த தூள் உதிர்ந்தது. வேர்கள் எல்லாம் அந்தக் காய்ந்த தூளுக்குள் இருந்தன. மேலே ஊற்றிய தண்ணீர் ஓரமாக ஓடிக் கீழே போயிருக்கிறது. வேருக்கு ஒரு சொட்டும் கிடைக்கவில்லை.

அடுத்தது கத்தரிப் பை. மேலே ஓர் அங்குலம் வரை வெளுத்துக் காய்ந்திருந்தது. அதற்குக் கீழே சேறு. நாற்றம் வீசியது. வேர்கள் பழுப்பாகிக் குழைந்திருந்தன. பை தரையோடு ஒட்டி இருந்ததால் அடித்துளைகள் அடைபட்டுவிட்டன.

"நீங்க ரெண்டு பேருமே தண்ணி ஊத்தியிருக்கீங்க. ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்லை. ஊத்தின தண்ணி எங்கே போச்சுன்னு பார்க்கலை. அவ்வளவுதான்" என்றார் அதிகாரி.

மாமியாருக்கு ஒன்று நினைவு வந்தது. ஜனவரி கடைசியில் நாகர்கோவிலில் ஒரு கல்யாணம். நான்கு நாள் வீடு பூட்டிக் கிடந்தது. மேற்கு ஓரப் பைகள் வெயிலில் அப்போதே காய்ந்துவிட்டன. திரும்பி வந்து ஊற்றிய தண்ணீர் எதுவும் அந்தப் பைகளின் உள்ளே போகவே இல்லை.

நார்த்தூள் என்பது என்ன?

தேங்காய் மட்டையில் நார் இருக்கிறது. நாருக்கு நடுவே பழுப்பு நிறத்தில் பஞ்சு போன்ற ஒரு பொருள் ஒட்டியிருக்கும். நாரைப் பிரிக்கும்போது அது தூளாக உதிரும். அதுதான் நார்த்தூள். தமிழ்நாட்டில் தென்னை நார்க்கழிவு என்கிறார்கள். மலையாளத்தில் சகிரிச்சோறு என்பார்கள். கடைகளில் கோகோபீட் என்ற பெயரில் கட்டியாக விற்கிறது.

திருவனந்தபுரத்துக்கும் கயிற்றுக்கும் பழைய உறவு உண்டு. வடக்கே கடற்கரையில் உள்ள அஞ்சுதெங்கின் பெயரால் ஒரு வகைக் கயிறே வழங்கப்படுகிறது. கேரளத்துக் காயல்களில் மட்டையைப் பல மாதம் ஊறப்போட்டு, அடித்து நார் எடுப்பார்கள். ஒரு காலத்தில் நார்த்தூளுக்கு மதிப்பே இல்லை. தொழிற்கூடங்களின் ஓரத்தில் மலை மலையாகக் குவிந்து கிடந்தது. மழையில் அதன் சாறு வடிந்து நீர்நிலைகளைக் கெடுத்தது.

பிறகு ஆராய்ச்சிகள் நடந்தன. ஆலப்புழை அருகே கலவூரில் கயிறு வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நார்த்தூளைக் காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து மக்க வைக்கும் முறையை இவை பரப்பின. கோயம்புத்தூர் முறையில் 1 டன் நார்த்தூளுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் சேர்க்கிறார்கள். அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால், சுமார் 60 நாளில் கறுப்பு உரம் கிடைக்கிறது.

நார்த்தூளுக்கு ஒரு பெரிய குணம் உண்டு. தன் எடையைப் போல் 5 மடங்குக்கும் மேல் அது தண்ணீரைப் பிடித்து வைக்கும். அந்த நல்ல குணத்தால்தான் கத்தரி அழுகியது. மேலே காய்ந்தது போல் தோன்றும். அடியில் தண்ணீர் நிறைந்திருக்கும். மேலே பார்த்து ஏமாந்து மீண்டும் ஊற்றிவிடுகிறோம்.

பீட் என்னும் சதுப்பு மண்

நார்த்தூள் வருவதற்கு முன்பே குளிர் நாடுகளில் பீட் என்ற பொருளைத் தொட்டிகளில் நிரப்பி வந்தார்கள். அயர்லாந்து, பின்லாந்து, கனடா போன்ற நாடுகளின் சதுப்பு நிலங்களில் பாசிகள் வளர்ந்து மடியும். நீருக்குள் அவை முழுதும் மக்காமல் படியும். ஆண்டுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் உயரும். ஒரு மீட்டர் ஆழம் சேர ஏறக்குறைய 1,000 ஆண்டுகள் ஆகும்.

கேரளத்திலும் இதற்கு உறவான மண் உண்டு. குட்டநாட்டில் வைக்கம், அம்பலப்புழை பக்கம் உள்ள கறுத்த சதுப்பு வயல்களைக் கரிநிலம் என்கிறார்கள். பழைய காட்டு மரங்கள் புதைந்து மக்கிய மண் அது. புளிப்புத் தன்மை மிகுந்தது.

உலகின் நிலப்பரப்பில் பீட் நிலங்கள் 100-க்கு 3 அல்லது 4 பங்குதான். ஆனால் உலக மண்ணில் உள்ள கரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கே அடங்கியிருக்கிறது. வெட்டி எடுத்தால் அந்தக் கரி காற்றில் கலந்து பூமியைச் சூடாக்கும். அதனால் பல நாடுகள் பீட்டுக்குப் பதில் நார்த்தூளைத் தேடுகின்றன. ஒரு காலத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிய பொருள் இன்று கப்பல் ஏறுகிறது.

தண்ணீர் ஏன் ஓரமாக ஓடுகிறது?

காய்ந்த மாவின் மேல் சில துளி தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உடனே உள்ளே போகாது. முத்து முத்தாக மேலே நிற்கும். முற்றிலும் காய்ந்த பீட்டும் அப்படித்தான். தண்ணீரை ஏற்காமல் தள்ளும். நார்த்தூள் அந்த அளவுக்கு அடம் பிடிக்காது. ஆனால் நன்றாகக் காய்ந்தால் அதுவும் மெதுவாகத்தான் நனையும்.

இன்னொரு காரணமும் உண்டு. காயும்போது தூள் சுருங்குகிறது. பைக்கும் தூளுக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுகிறது. தண்ணீர் எப்போதும் எளிய வழியில்தான் போகும். அந்த இடைவெளியில் இறங்கி, அடித்துளை வழியே வெளியே வந்துவிடும். கீழே தண்ணீர் வடிவதைப் பார்த்து, "பை நனைந்துவிட்டது" என்று நினைப்போம். உண்மையில் உள்ளே வறட்சி.

காய்ந்த பையை நனைப்பது எப்படி?

அதிகாரி இரண்டு வழிகளைக் காட்டினார்.

சிறிய தொட்டி என்றால், ஒரு வாளித் தண்ணீரில் மெல்ல இறக்கி வைக்க வேண்டும். மேல்மட்டம் வரை தண்ணீர் வரட்டும். குமிழி குமிழியாகக் காற்று வெளியேறும். குமிழி நின்ற பிறகு எடுக்க வேண்டும். நிழலில் வைத்து, மிகுதித் தண்ணீரை வடிய விட வேண்டும்.

பெரிய பையைத் தூக்க முடியாது. அதற்கு வேறு வழி. முதலில் ஓர் ஈர்க்கு அல்லது மெல்லிய குச்சியால் வேருக்குக் கேடு வராமல் நாலைந்து இடத்தில் துளையிட வேண்டும். ஓரத்தில் விழுந்த இடைவெளியைக் கையால் அழுத்தி மூட வேண்டும். பிறகு ஒரு குவளைத் தண்ணீரைச் சுற்றிலும் மெதுவாக ஊற்ற வேண்டும். 10 நிமிடம் பொறுக்க வேண்டும். மீண்டும் ஒரு குவளை. மீண்டும் 10 நிமிடம். இப்படி மூன்று நான்கு முறை ஊற்றினால் உள்ளே வரை நனையும். ஒரேயடியாக ஒரு குடத்தைக் கவிழ்ப்பதால் பயன் இல்லை.

தொடக்கத்திலேயே கவனம்

முதல் நாளிலேயே சரியாக நனைத்தால் பின்னால் தொல்லை குறையும். கட்டியாக வாங்கும் நார்த்தூளை முழுதும் ஊற வைக்க வேண்டும். 5 கிலோ கட்டி 20 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். ஊறி உப்பினால் 60 லிட்டருக்கும் மேலான தூள் கிடைக்கும். கையால் கிளறிப் பார்க்க வேண்டும். நடுவில் காய்ந்த கட்டி இருந்தால் உடைத்துவிட வேண்டும். அந்தக் கட்டி அப்படியே பைக்குள் போனால் அங்கே தண்ணீர் ஏறாது.

காயலில் ஊறிய மட்டையின் தூளில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிக் கழுவினால் உப்பு போகும். கழுவிய தூளை ஒரு கை எடுத்துப் பிழிந்தால் சில சொட்டு மட்டும் விழ வேண்டும். தாரையாக வழிந்தால் ஈரம் மிகுதி. ஒன்றும் விழாவிட்டால் ஈரம் போதாது.

நார்த்தூளில் செடிக்கு வேண்டிய சத்து குறைவு. அதனால் ஒரு பங்கு மண், ஒரு பங்கு நார்த்தூள், ஒரு பங்கு மக்கிய சாணி உரம் என்று கலப்பது நல்லது. பையை முழுதும் நிரப்பக் கூடாது. மேலே இரண்டு அங்குலம் விட்டால்தான் ஊற்றும் தண்ணீர் நின்று இறங்கும். பையைச் செங்கல் மேல் வைக்க வேண்டும். அப்போதுதான் துளைகள் அடைபடாது. பை சாய்ந்திருந்தால் தண்ணீர் ஒரு பக்கமே போகும். எனவே மட்டமாக வைக்க வேண்டும்.

எல்லாப் பைக்கும் ஒரே அளவா?

"அப்படின்னா ஒவ்வொரு பைக்கும் ஒரு லிட்டர்னு அளந்து ஊத்தலாமா மேடம்?" என்று மருமகள் கேட்டாள்.

"வேண்டாம்மா. வீட்டுல எல்லாரும் ஒரே அளவா சாப்பிடுறாங்க? பசிக்குத் தக்கபடிதானே பரிமாறுறீங்க?" என்றார் அதிகாரி.

சமமாக ஊற்றுவது வேறு. சமமாக ஈரம் இருப்பது வேறு. மேற்கு வெயில் படும் பை விரைவில் காயும். காற்று அடிக்கும் மூலையில் உள்ள பையும் அப்படித்தான். நிழலில் உள்ள பை மெதுவாகக் காயும். பெரிய செடி மிகுதியாகக் குடிக்கும். நாற்று குறைவாகக் குடிக்கும்.

எந்தப் பைக்குத் தண்ணீர் வேண்டும் என்று அறிய இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி விரல். இரண்டாம் கணு வரை விரலை உள்ளே விட வேண்டும். அங்கே ஈரம் இருந்தால் இன்று தண்ணீர் வேண்டாம். இரண்டாவது வழி எடை. நனைந்த பையின் ஒரு பக்கத்தை லேசாகத் தூக்கிப் பார்த்துக் கனத்தை மனத்தில் கொள்ள வேண்டும். பிறகு கனம் நன்றாகக் குறைந்த நாளில் ஊற்ற வேண்டும். சில நாள் பழகினால் கை தானே சொல்லும்.

ஊற்றும்போது செடியின் அடியில் ஒரே இடத்தில் கொட்டக் கூடாது. பூவாளியால் பை முழுதும் சுற்றி ஊற்ற வேண்டும். அடியில் சில சொட்டு வடிந்தால் நிறுத்தலாம். காலை நேரம் நல்லது. மேலே காய்ந்த சருகைப் பரப்பினால் ஈரம் நிற்கும்.

மழைக்காலத்திலும் கவனம் வேண்டும். திருவனந்தபுரத்தில் ஜூனில் தொடங்கும் மழையும் உண்டு. அக்டோபர், நவம்பர் மழையும் உண்டு. அப்போது துளை அடைபடாமல் பார்க்க வேண்டும். இலை அடர்ந்த செடியின் பை மழையிலும் நனையாமல் இருக்கலாம். அங்கேயும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும்.

திரி தரும் தண்ணீர்

விளக்கில் எண்ணெய் கீழே இருக்கிறது. சுடர் மேலே எரிகிறது. எண்ணெய் எப்படி மேலே வருகிறது? திரி உறிஞ்சித் தருகிறது. செடிக்கும் இப்படித் தண்ணீர் தரலாம். கோழிக்கோட்டில் உள்ள நீர்வள மேம்பாட்டு மேலாண்மை மையம் இந்த முறையைப் பரப்பியது. மலையாளத்தில் இதைத் திரிநன என்கிறார்கள்.

பையைச் செங்கல் மேல் வைக்கிறார்கள். அடியில் ஒரு துளை வழியே திரியைச் செருகுகிறார்கள். திரியின் ஒரு பாதி பைக்குள் இருக்கும். மறு பாதி கீழே உள்ள குழாய்த் தண்ணீரில் அல்லது புட்டித் தண்ணீரில் இருக்கும். பை காயக் காயத் திரி தண்ணீரை ஏற்றும். பருத்தித் துணித் திரி நாளடைவில் மக்கிவிடும். கண்ணாடி இழைத் திரி நீண்ட நாள் உழைக்கும்.

இதில் ஒரு விதி உண்டு. பையை முதலில் மேலிருந்து முழுதும் நனைக்க வேண்டும். காய்ந்த தூளுக்குள் திரி வைத்தால் ஈரம் பரவாது. நான்கு நாள் ஊருக்குப் போகும் வீட்டுக்கு இந்த முறை மிகவும் உதவும்.

கொசுவுக்கு இடம் கொடுக்காதீர்கள்

பைக்குக் கீழே தட்டு வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தட்டில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். டெங்கு காய்ச்சலைப் பரப்பும் கொசு இதுதான். முட்டை கொசுவாக வளர ஏறக்குறைய ஒரு வாரம் முதல் 10 நாள் போதும். எனவே தட்டில் தண்ணீரை விட்டு வைக்கக் கூடாது. வாரம் ஒரு நாள் தட்டு, வாளி, தொட்டி அனைத்தையும் கவிழ்த்துத் தேய்த்துக் காயவைக்க வேண்டும். திரிக்கு வைக்கும் புட்டியும் குழாயும் மூடி இருக்க வேண்டும். திரி நுழையும் அளவுக்கு மட்டும் துளை போதும்.

மாமியாரின் நோட்டுப் புத்தகம்

மாமியார் 1990-களில் அறிவொளி வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். அப்போது நாகர்கோவிலில் இருந்தார். கல்யாணமாகி வந்த மருமகளுக்கு இது தெரியாது. அதிகாரி போன பிறகு மாமியார் ஒரு பழைய நோட்டை எடுத்தார். 25 பைகளுக்கும் எண் இட்டார். கோடு போட்டுக் கட்டங்கள் வரைந்தார். மேலே கிழமை எழுதினார். தண்ணீர் ஊற்றிய கட்டத்தில் ஒரு புள்ளி. விரல் வைத்து ஈரம் கண்ட கட்டத்தில் ஒரு கோடு.

"இனிமே யாரு ஊத்தினாங்கன்னு கேக்க வேண்டாம் மக்களே. நோட்டைப் பாரு. அதுவே சொல்லும்" என்றார்.

மருமகள் நோட்டை வாங்கிப் பார்த்தாள். எழுத்துகள் பெரிது பெரிதாக, வரிசையாக இருந்தன. "நான் அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது அத்தை" என்றாள்.

முன்பு மாலையில் மட்டும் 4 குடம் செலவானது. குடத்துக்கு 12 லிட்டர். அதாவது 48 லிட்டர். காலையில் மருமகள் ஊற்றியது வேறு. இப்போது நாள் முழுதுக்கும் 2 குடம் போதுமானது. அதாவது 24 லிட்டர். மாலைத் தண்ணீரில் மட்டும் நாளுக்கு 24 லிட்டர் மிச்சம். மாதத்துக்கு 720 லிட்டர். அத்தனையும் மாமியார் படியேறிச் சுமந்த தண்ணீர்.

அழுகிய கத்தரிகள் பிழைக்கவில்லை. அவற்றைப் பிடுங்கி, புதிய கலவையில் கீரை விதைத்தார்கள். வாடிய மிளகாய்களில் மூன்று தளிர்த்தன. ஏப்ரலில் முதல் கீரை அறுத்தார்கள். சமையலுக்குப் போக மீதி இரண்டு கட்டுகளை அயல்கூட்டத்தில் விற்றார்கள். அந்தத் தொகையையும் மாமியார் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தார். பெரிய தொகை இல்லை. ஆனாலும் அந்த மாதத் தவணையில் அதுவும் சேர்ந்தது.

நினைவில் வைப்போம்

1. மேலே காய்ந்திருந்தால் உள்ளேயும் காய்ந்தது என்று பொருள் இல்லை.
2. கீழே வடிந்தால் உள்ளே நனைந்தது என்றும் பொருள் இல்லை.
3. காய்ந்த பைக்குச் சிறிது சிறிதாக, இடைவெளி விட்டு ஊற்ற வேண்டும்.
4. விரலும் எடையும் சொன்ன பிறகே தண்ணீர்.
5. பை செங்கல் மேல் இருக்கட்டும். துளை திறந்திருக்கட்டும்.
6. தட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது.

செய்து பார்ப்போம்

இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளில் அடியில் துளையிடுங்கள். இரண்டிலும் நன்கு காய்ந்த நார்த்தூளை நிரப்புங்கள். ஒன்றில் ஒரு குவளைத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றுங்கள். மற்றதில் அதே அளவைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். அரை மணி கழித்து இரண்டையும் கவிழ்த்து உடைத்துப் பாருங்கள். எதில் நடுப்பகுதி நன்றாக நனைந்திருக்கிறது?

கலந்து பேசுவோம்

1. மிளகாய் வாடியதற்கும் கத்தரி அழுகியதற்கும் காரணங்கள் என்ன?
2. சமமாக ஊற்றுவதற்கும் சமமாக ஈரம் இருப்பதற்கும் என்ன வேறுபாடு?
3. உங்கள் ஊரில் நார்த்தூள் எங்கே கிடைக்கிறது? அதை என்ன செய்கிறார்கள்?
4. உங்கள் வீட்டில் ஒரு வேலையை இருவர் செய்கிறீர்களா? அதற்கு ஒரு நோட்டு எப்படி உதவும்?